சப்ஜெக்ட் ராசுவோட வேலைங்க

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே காப்பி மூட்டை அடுக்கிக் கிடந்த தகரக் கொட்டகையை டுடோரியலாக மாற்றியவன் நான். இன்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்று குறை சொல்கிறீர்களே, அந்தப் பெஞ்சுகள் எல்லாம் காற்றில் விழுந்த ஒரே சில்வர் ஓக் மரம். அறுக்க ஆள் பிடித்தவன், இழைக்க ஆள் பிடித்தவன், கடைசிப் பெஞ்சுக்கு மரம் போதாதபோது சொந்தக் கட்டிலின் சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தவன் எல்லாம் நானே. கரும்பலகை கிடைக்கவில்லை. கொட்டகையின் கதவைக் கழற்றிக் கறுப்புச் சாயம் அடித்தேன். அந்த மழைக்காலம் முழுக்க வாசலில் சாக்குப் படுதாதான். மேகம் உள்ளே வந்து கொஞ்ச நேரம் பாடம் கேட்டுவிட்டுப் போகும். நாகலூர் பஸ்ஸை வகுப்பு முடிகிறவரை பத்து நிமிஷம் காத்திருக்கச் செய்ததும் நான்தான். டிரைவரின் மச்சான் நம் வகுப்பில் படித்தான், அதனால்தான் பஸ் நின்றது என்று யாராவது சொல்வார்கள். அந்த மச்சானைத் தேடிப் போய்ச் சேர்த்தது யார் என்று அவர்களைத் திருப்பிக் கேளுங்கள்.

இத்தனைக்கும் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் அரைப் பரீட்சை வரைக்கும்தான். அப்படிப்பட்டவன் பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் தவறியவர்களை உட்காரவைத்து இருபது வருஷத்துக்கும் மேலாக சப்ஜெக்ட் எது, வெர்ப் எது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தேறியும் இருக்கிறார்கள்.

நீங்கள் எல்லாம் பட்டம் வாங்கி வந்தவர்கள். இலக்கணத்தை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை, அது புத்தகத்தில் இருக்கிறது. வேலை கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் ஒரு ஆள் என்ன செய்கிறான் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்.

ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு இங்கிலீஷ் எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன்.

எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி ஆக்கினார்கள். ஆட்களை மேய்க்கத் தெரியும், குரல் உண்டு, அது போதும் என்று ஆக்கினார்கள். தினமும் காலையில் மானேஜர் ஒரு சீட்டு எழுதி அனுப்புவார், இங்கிலீஷில். கணக்கு எழுதுகிற ரைட்டர் அதைப் படித்துச் சொல்வார். ஒருநாள் ரைட்டர் லீவு. சீட்டு என் கைக்கு வந்தது. முப்பது பேர் எதிரே நிற்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ‘காபி’ தெரிந்தது. ‘ப்ரூன்’ தெரிந்தது, கிளை வெட்டுகிற கவாத்துக்கு அதுதான் வார்த்தை. ஆறாம் நம்பர் தெரிந்தது. போதும் என்று ஆறாம் நம்பர் காட்டில் காப்பிச் செடியைக் கவாத்துச் செய்ய ஆளை இறக்கிவிட்டேன்.

சீட்டில் எழுதியிருந்தது, ஆறாம் நம்பரில் காப்பியைத் தொடாதே, நிழல் மரத்தின் கிளையை மட்டும் கழி என்று.

பத்து மணிக்கு மானேஜர் வந்தார். ஒன்றரை வரிசை மொட்டையாக நின்றது. அவர் கத்தவில்லை. “செடி மறுபடி தழைச்சிரும் மேஸ்திரி. படிக்கத் தெரியலைன்னு சொல்லியிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேனே. தெரிஞ்ச மாதிரி நின்னீங்க பாருங்க, அதுக்கு என்ன பண்றது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சேலத்துக்கு இறங்கி, பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாத ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கினேன். எனக்கு வார்த்தை தெரிந்திருந்தது, அந்த வார்த்தைக்கு அந்த வரியில் என்ன வேலை என்பது தெரியவில்லை. யார் செய்கிறார், என்ன செய்கிறார், எதைச் செய்கிறார் என்று தேடத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்றரை வரிசை காப்பிச் செடி சொல்லித்தந்தது. அடுத்த ஐந்தாறு வருஷத்தில் சீட்டு என்ன, மானேஜருக்கு வருகிற கடிதத்தையே ரைட்டருக்கு முன்னால் படித்துவிடுவேன். டுடோரியல் ஆரம்பித்த கதை நீளம், அதை விடுகிறேன். ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

இப்போது பழனியம்மாள் விஷயத்துக்கு வருகிறேன்.

பழனியம்மாள் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்கிறவள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி மற்றப் பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள். இங்கிலீஷில் மட்டும் மூன்று முறை போய்விட்டது. அவள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை ஒன்று காலியாகிறது என்று பேச்சு. பத்தாவது தேறியிருக்க வேண்டும். வயது வரம்பு அந்த வருஷத்தோடு அவளுக்கு முடிகிறது. ஆகவே இந்த நாலாவது தடவை தேறினால் வேலை, இல்லாவிட்டால் காலம் முழுக்கக் கூடைதான். இதை அவளே சேர வந்த அன்றைக்குச் சொன்னாள், பஸ்ஸுக்கு நேரம் கேட்கிற மாதிரி சாதாரணமாக.

அந்த வருஷம் வகுப்பில் பதினொரு பேர். எல்லோரும் வேலை முடித்து நாலரை மணிக்கு மேல் வருகிறவர்கள். உட்காரவைத்துப் பாடம் சொன்னால் கண் சொருகிவிடும். அதனால் நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். இன்றைக்கு நீங்கள் வகுப்பில் செய்கிறீர்களே, ஆளையே வார்த்தையாக நிறுத்துவது, அது என் மூளையில் பிறந்தது.

எஸ்டேட்டில் காலையில் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். பேர், என்ன வேலை, எந்தக் காடு. கூப்பிட்டவுடன் ஆள் போய் அவரவர் செட்டில் நிற்க வேண்டும். கவாத்துச் செட்டு ஒரு பக்கம், களைச் செட்டு ஒரு பக்கம், மருந்தடிக்கிற செட்டு ஒரு பக்கம். அதே மாதிரி கொட்டகைக்கு வெளியே வெறுந்தரையில் பதினொரு பேரையும் செட்டுப் பிரித்தேன். நௌன் செட்டு, வெர்ப் செட்டு, அட்ஜெக்டிவ் செட்டு என்று. லாட்ஜில் பரிமாறுகிற ராசுவும் இன்னும் மூன்று பேரும் நௌன். அவர்களில் முன்னால் போய் சப்ஜெக்டாக நிற்பது ராசு. வெள்ளக்கடை ஊரிலிருந்து வருகிற அக்கா தங்கை இருவரும் அட்ஜெக்டிவ், ராசுவை ஒட்டியே நிற்பார்கள், அதில் ராசுவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். டிரைவர் மச்சான் ப்ரெபொசிஷன், உள்ளே மேலே கீழே என்று சொல்லிப் பழகிய குடும்பம். பழனியம்மாளுக்கு நல்ல குரல், நல்ல வேகம். அவளை வெர்ப் ஆக்கினேன்.

நான் ஒரு வாக்கியத்தைக் கூப்பிடுவேன். அவரவர் ஓடிவந்து இடத்தில் நிற்பார்கள். மூன்று மாதத்தில் பதினொரு பேரும் மின்சாரம் மாதிரி ஆகிவிட்டார்கள். வாக்கியம் என் வாயை விட்டு வருவதற்குள் பழனியம்மாள் நடுவில் நிற்பாள். டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். மலையில் இப்படி ஒரு வகுப்பு நடந்ததே இல்லை என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்வதற்கு வேறு ஆள் இல்லாதபோது நாமேதான் சொல்ல வேண்டும்.

பரீட்சைக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. நம்மிடம் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொண்டிருந்த பி.ஏ. சார், சேலத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், “ஒரு மாதிரித் தேர்வு வெச்சுப் பாத்துரலாங்களா மேஸ்திரி?” என்றார். வையுங்கள் என்றேன். மார்தட்டிக்கொண்டுதான் சொன்னேன்.

மறுநாள் தாள்களைத் திருத்திக் கொண்டுவந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பட்டம் வாங்கியவர்களுக்கு அந்த வித்தை உண்டு.

“மேஸ்திரிங்க, இதை ஒருதடவை பாருங்க. எனக்கு ஒண்ணும் பிடிபடலை.”

மேலே இருந்தது பழனியம்மாள் தாள். பத்து வாக்கியம், ஒவ்வொன்றிலும் சப்ஜெக்டுக்குக் கோடு போடச் சொல்லியிருந்தது. அவள் பத்திலும் வெர்ப்புக்குக் கோடு போட்டிருந்தாள். நேராக, அழகாக, ஒன்றுகூடத் தவறாமல். சப்ஜெக்ட் இருக்கும் இடத்தில் பென்சில் படவே இல்லை. அடுத்த கேள்வி, வார்த்தைகளைக் கொடுத்து என்ன வகை என்று கேட்பது. வெர்ப்புக்கு மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட்டிருந்தாள்.

அவளை எழுப்பிக் கேட்டேன்.

“ஏம்மா, சப்ஜெக்டுக்குத்தானே கோடு போடச் சொல்லியிருக்கு?”

“சப்ஜெக்ட் ராசுவோட வேலைங்க.”

“ராசுவோட வேலையா?”

“ஆமாங்க. என்னைய வெர்ப்புலதானுங்களே போட்டீங்க. அடுத்தவிய வேலையில நான் எதுக்குங்க கை வெக்கறது? அப்புறம் அவன் கோவிச்சுக்குவான்.”

ராசு எழுந்தான். “நான் கோவிச்சுக்க மாட்டனக்கா. என்ற பேப்பர்ல வெர்ப்பையெல்லாம் உனக்காகத்தான் விட்டு வெச்சிருக்கறன்.”

வகுப்பு சிரித்தது. நான் மற்றத் தாள்களைப் புரட்டினேன். ராசு தாளில் நௌன் அத்தனையும் சரி, மற்றது வெள்ளைக் காகிதம். அக்கா தங்கை தாளில் அட்ஜெக்டிவ் மட்டும். டிரைவர் மச்சான் தன் ப்ரெபொசிஷனை வட்டம் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தான்.

கண்ணுகளா, விளங்குகிறதா? எஸ்டேட்டில் கவாத்துச் செட்டு களைக்கொத்தைத் தொடாது. தொட்டால் சண்டை வரும், அது அங்கே மரியாதை. அந்த மரியாதையைக் கொண்டுவந்து இங்கிலீஷ் இலக்கணத்துக்குள் நட்டுவைத்தது நான். மூன்று மாதம் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன். பதினொரு பேர் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறுவான். பரீட்சை மண்டபத்தில் பதினொரு பேரையும் ஒரே நாற்காலியில் உட்காரவிட மாட்டார்கள்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கத்தினேன். “உங்களுக்கெல்லாம் சொந்தமா யோசிக்கத் தெரியாதா? ஒரு ஆளு ஒரு வேலைதான் பாப்பீங்களா?” என்று கேட்டேன்.

பழனியம்மாள் உட்காரவில்லை. “பிரிச்சு விட்டது நீங்கதானுங்க. எதுக்கு எங்கள வையறீங்க?” என்றாள். மரியாதை குறையாமல்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

நான் வெளியே போய்விட்டேன். பி.ஏ. சார் பின்னாலேயே வந்தார். டீ சொன்னார்.

“மேஸ்திரி, கோவம் வேண்டாங்க. பன்னெண்டு நாள்ல இலக்கணத்தைத் திருப்பி நட முடியாது. விட்டுருவோம். ரெண்டு கட்டுரை, ரெண்டு லெட்டர் மனப்பாடம் பண்ண வெச்சுட்டா பார்டர்ல பாதிப் பேர் தப்பிச்சுருவாங்க. பசங்ககிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம், பாடம் முடிஞ்சுதுன்னு சொல்லிருங்க.”

யோசனை மோசமில்லை. இன்று உங்களில் யாரும் அதையே சொல்வீர்கள். ஆனால் பழனியம்மாளுக்கு மனப்பாடம் நிற்காது. மூன்று முறையும் அவள் போனது அதில்தான், கட்டுரையின் நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் சரிந்துவிடும். பாதிப் பேர் தப்பிப்பார்கள் என்றாரே, அந்தப் பாதியில் அவள் இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆறாம் நம்பர் காட்டுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு முப்பது பேருக்கு முன்னால் நின்றேனே, அது ஞாபகத்துக்கு வந்தது. தெரிந்த மாதிரி இன்னொரு தடவை நிற்க எனக்கு இஷ்டமில்லை.

உள்ளே போனேன். “தப்பு என்னோடது. எஸ்டேட்டு மாதிரி செட்டுப் பிரிச்சது தப்பு. பரீட்சையில ஒவ்வொருத்தரும் எல்லா வேலையும் பாக்கணும். பன்னெண்டு நாளு இருக்குது. என்ன பண்றதுன்னு எனக்கு இன்னும் தெரியலை,” என்றேன்.

ஐந்தாம் வகுப்புக்காரன் வாத்தியாராக நின்றுகொண்டு இதைச் சொல்வது என்ன பாடு என்பது உங்களுக்குத் தெரியாது. பழனியம்மாள்தான் முதலில் பேசினாள்.

“பழ சீசன்ல செட்டு ஏதுங்க? பழம் கொட்டற நேரத்துல எல்லாருந்தானுங்களே எடுக்கறோம். மருந்தடிக்கறவியளும் வருவாங்க, கவாத்துக்காரவியளும் வருவாங்க. ரைட்டர் ஊட்டம்மா கூடக் கூடை கட்டிட்டு வந்து நிக்கறாங்க. அப்ப யாரும் சண்டைக்கு நிக்கறதில்லீங்களே. இதையும் பழ சீசன்னு வெச்சுக்கோங்க.”

செட்டைக் கலைக்கும் யோசனை அவளுடையது. நான் நேர்மையானவன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்னதைக் கேட்கிற காது யாருடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை வாத்தியார்கள் கேட்டிருப்பார்கள்?

மறுநாளிலிருந்து தினம் ஒரு வேலை. நேற்று நௌன் ஆனவன் இன்று வெர்ப், நாளை அட்ஜெக்டிவ். பி.ஏ. சார் தலையை ஆட்டினாலும், தன் கணக்கு வகுப்பிலிருந்து அரை மணி விட்டுக்கொடுத்தார். ராசு இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். அக்கா தங்கை நாலு நாளில். பழனியம்மாளால் மட்டும் முடியவில்லை. சப்ஜெக்ட் ஆக்கி முன்னால் நிறுத்தினால், வாக்கியம் ஆரம்பித்தவுடன் கால் தானாக நடுவுக்கு ஓடும். வெர்ப்பாக நிற்கிறவனை இடித்துத் தள்ளிவிடுவாள். மற்றவர்கள் சிரிக்க, அவளும் முதலில் சிரித்தாள். மூன்றாம் முறை சிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் நாகலூர் பஸ்ஸில் அவள் வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை.

ஏழாம் நாள் காலையில் நான் பஸ் ஏறினேன். காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வரிசையில் ஒருத்தி குரல் கொடுத்தாள்.

“ஏனுங்க வெர்ப்பக்கா, உங்க வாத்தியாரு தேடிட்டு வந்துருக்கறாரு. பாடம் படிக்காட்டி முட்டி போட வெப்பாரு போலிருக்குது.”

“உன்ற வாய மூடிட்டுக் களையப் புடுங்கு,” என்றாள் பழனியம்மாள். நிமிரவில்லை.

“ஏம்மா வரலை?”

“என்னத்துக்குங்க வர்றது? முன்னால வெர்ப்பாச்சும் ஒழுங்காத் தெரிஞ்சுது. இப்ப அதுவும் கொழம்பிப் போச்சு. நொம்பப் படிச்சு இருந்ததும் போச்சுங்க. வேலைதான் இல்லைன்னு ஆயிப்போச்சு, எதுக்குப் போக வர ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல தொங்கிட்டு?”

அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையின் தலைப்பில் அவர்கள் மேஸ்திரி நின்று, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தான். என் பழைய வேலை. அந்த வேலையில் நிற்கிறவனுக்கு ஒவ்வொரு ஆளும் எங்கே இருக்கிறான் என்று பார்க்காமலே தெரியும். தெரியாவிட்டால் காடு நாறிவிடும். வரிசைக்குள் குனிந்திருக்கிற ஆளுக்குத் தன் காலடி மண் மட்டும்தான் தெரியும். நான் பழனியம்மாளை நௌனாக, வெர்ப்பாக, எதுவாக மாற்றினாலும் வரிசைக்குள்ளேதான் வைத்திருந்தேன். கூப்பிட்டால் ஓடிவருகிற இடத்தில். பன்னிரண்டு வயதிலிருந்து அவள் பேரை யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. அந்த மலையில் எந்த எஸ்டேட்டிலும் ஒரு பொம்பளை களத்தில் நின்று பேர் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

“இன்னைக்கு ஒருநாள் வா,” என்றேன். “உன்னை எந்தச் செட்டுலயும் நிறுத்த மாட்டேன். நீ மேஸ்திரி. நான் உன் செட்டு.”

வரிசையே நிமிர்ந்து பார்த்தது. வாயாடி சும்மா இருப்பாளா? “போக்கா, போயி அந்த மனுசன ரெண்டு வையாவது வஞ்சுட்டு வா. நாங்கெல்லாம் ஆசப்பட்டுட்டு இருக்கறோம்,” என்றாள்.

வந்தாள். சாயங்காலம் வெறுந்தரையில் பதினொரு பேரில் அவள் மட்டும் எதிரே நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள். கறுப்பு நாய் தபால்காரரைக் கடித்தது என்பதற்கான இங்கிலீஷ் வாக்கியத்தைப் பலகையில் எழுதிவிட்டு நான் வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

“கூப்பிடு,” என்றேன்.

வாக்கியத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய் நிற்க இடமில்லை. யாரை அனுப்புவது என்று அவள்தான் பார்க்க வேண்டும். உதடு அசைந்தது.

“ராசு, நீ நாயி. முன்னால வா. கடிச்சவன் நீதான்.”

“சரிங்க மேஸ்திரியம்மா.”

“வெள்ளக்கடைப் புள்ளைகள்ல ஒண்ணு கறுப்பு. அவனுக்கு முன்னால போயி நில்லு. மச்சான், நீங்க தபால்காரர், கடைசியில போங்க. மேஸ்திரிங்க, நீங்க கடி. நடுவுல வாங்க. கையக் கட்டிட்டு நில்லுங்க, சிரிக்காதீங்க.”

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பி.ஏ. சார் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

அவள் எங்களைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு நான் சொல்லாமலே, “இப்பத் தபால்காரர் நாயக் கடிக்கறாரு,” என்றாள். மச்சானை முன்னால் இழுத்தாள், ராசுவைப் பின்னால் தள்ளினாள்.

“அக்கா, நான் நாயிதானே?” என்றான் ராசு.

“நாயிதான். ஆனா இப்ப உனக்குக் கடி வாங்கற வேலை. நில்லு.” சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். ராசுவைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். “ஆளு அதே ஆளுதானுங்களே. நிக்கற எடந்தான் மாறுது. யாரு முன்னால நிக்கணும்னு செய்யற வேலையப் பாத்துத்தான் சொல்ல முடியும். அதத் தேடறதுதானுங்களா சப்ஜெக்ட்டு? இத்தன நாளு இதத்தான் சொன்னீங்களா?”

“இதைத்தான் சொன்னேன்,” என்றேன்.

“அப்பப் புரியற மாதிரி சொல்லலீங்க.”

பலகையில் அடுத்தடுத்து இருபது வாக்கியம் எழுதினேன். இருபதுக்கும் ஆள் கூப்பிட்டாள். எங்களை விரட்டினாள், வைதாள், டிரைவர் மச்சானைத் தூங்குமூஞ்சி என்றாள். பஸ் ஹாரன் அடித்தும் அவள் நிறுத்தவில்லை. மீதி ஐந்து நாளும் வகுப்பில் எல்லோரும் ஆளுக்குக் கால் மணி மேஸ்திரியாக நின்றார்கள். பேச்சே வராத வெள்ளக்கடைத் தங்கச்சி என்னை அட்வெர்ப்பாக நிறுத்திவிட்டு மறந்துபோனாள், பாடம் முடிகிறவரை நின்றேன்.

பரீட்சை நடந்தது. ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று நம்பர் பார்க்க பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரே கூட்டம். பதினொரு பேரும் இங்கிலீஷில் தேறினார்கள். ராசு மட்டும் கணக்கில் போய்விட்டான். கணக்கு எடுத்தது யார் என்று நான் சொல்லப்போவதில்லை, ஏற்கெனவே மேலே எழுதிவிட்டேன். ராசு அடுத்த தடவை அதையும் எழுதித் தேறினான். பழனியம்மாள் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இங்கிலீஷில் நாற்பத்து மூன்று. ஜெயித்த முகமே இல்லை, நேர்காணலுக்கு என்ன புடவை கட்டுவது என்ற கவலையில் இருந்தாள்.

நேர்காணலுக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, போனேன். அதிகாரி அறைக்கு வெளியே ஜன்னலை ஒட்டி ஒரு பெஞ்சு. உள்ளே பேசுவது நன்றாகக் கேட்கும், அதனால்தான் அங்கே உட்கார்ந்தேன். மூன்று தடவை தவறியவள் நாலாவது தடவை எப்படித் தேறினாள் என்று அதிகாரிக்கே ஆச்சரியம்.

“இங்கிலீஷ் யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?” என்று கேட்டார்.

நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன்.

“டுடோரியல்ல பி.ஏ. படிச்ச சார் ஒருத்தரு இருக்கறாருங்க. அவரு நொம்ப நல்லா சொல்லித் தருவாருங்க,” என்றாள் பழனியம்மாள்.

வெளியே வந்தவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“கோவிச்சுக்காதீங்க. அஞ்சாவது படிச்சவருகிட்டத்தான் இங்கிலீசு படிச்சன்னு சொன்னா, மார்க்கு ஷீட்டையே சந்தேகமாப் பாப்பாங்க. வேலை கெடைக்குமாங்க?”

“கெடைக்காது,” என்றேன்.

“அதானுங்க.”

வேலை கிடைத்தது. முதல்நாள் பருப்புச் சாதம் ஒரு தூக்குப்போசியில் டுடோரியலுக்கு வந்தது. அதையும் பி.ஏ. சாரும் நானும்தான் சாப்பிட்டோம், அவர்தான் அதிகம் சாப்பிட்டார். அவள் அன்று எடுத்த முடிவு சரி. நெருக்கடியில் யாருடைய பேரை முன்னால் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று அத்தனை வருஷமும் நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் பழனியம்மாள் ஓய்வு பெற்றுவிட்டாள். பி.ஏ. சார் சேலத்தில் மகன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார், அவரிடமும் கேட்டுவிட்டேன், ஆட்சேபம் இல்லை என்கிறார். இனி உண்மையைச் சொன்னால் யாருடைய வேலையும் போகாது. ஆகவே டுடோரியலில் இப்போது பாடம் நடத்துகிற உங்களிடம் கேட்கிறேன். வாசலில் மாட்டியிருக்கும் பலகையில், பயிற்சி முறை அனுபவம் வாய்ந்த பட்டதாரி ஆசிரியர்களால் உருவாக்கப்பட்டது என்று இருக்கிறது. அதை எடுங்கள். செட்டைக் கலைத்தது நாகலூர் பழனியம்மாள் என்று எழுதுங்கள். ஆளையே வார்த்தையாக நிறுத்தியதும், செட்டுப் பிரித்துக் கெடுத்ததும், படிக்க வந்தவளை மேஸ்திரியாக்கியதும் நான் என்று எழுதுங்கள். கெடுத்ததை விட்டுவிடாதீர்கள், அதுவும் என்னுடையதுதான். பெயருக்குப் பின்னால் ஐந்தாம் வகுப்பு என்று போடுங்கள், பெரிய எழுத்தில்.